வாசப்படி மாடிக்குப் போன கதை

மடைவாசல் என்று ஓர் ஊர். பேரை வைத்து யாரும் எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏரி மடைக்குப் பக்கத்தில் இருப்பதால் வந்த பேர் அது. அந்த ஊர் நகராட்சியில் மழைநீர் வடிகால் பிரிவு என்று ஒன்று உண்டு. அந்தப் பிரிவில் நாலு பேர். அந்த நாலு பேரைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

முதலாவது ஆள் மேஸ்திரி ஆவுடையப்பன். பெரிய மீசை, அதைவிடப் பெரிய கடமையுணர்ச்சி. அவருக்குக் கீழே சொள்ளமுத்து. அலசி ஆராயாமல் ஒரு கூழாங்கல்லைக்கூட நகர்த்த மாட்டான். அடுத்தவன் மாடக்கண்ணு, பலசாலி. எதைக் காட்டித் தூக்கு என்றாலும் தூக்குவான், மேஸ்திரி இறக்கு என்று சொல்லும் வரை இறக்க மாட்டான். நாலாவது பிச்சையா. கண்ணாடி போட்டிருப்பதால் எழுத்து வேலை அவன் தலையில் விழுந்தது. என்ன நடந்தாலும் நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதிவிடுவான்.

இவர்களும் ஒரு காலத்தில் சொந்த மூளையைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கச் சொன்னார்கள். இறைத்த தண்ணீரை எங்கே விடுவது என்று நன்றாக யோசித்து, பள்ளிக்கூடத்தின் பின்வாசலில் விட்டார்கள். பின்வாசல் முன்வாசலைவிட ஒரு அடி மேடு. மூன்று நாள் மோட்டார் ஓடியது. “இந்த ஊர்த் தண்ணிக்கு ரோசமே கிடையாது அண்ணாச்சி, எத்தனை தடவை விரட்டுனாலும் திரும்பி வருது” என்று சொள்ளமுத்து வருத்தப்பட்டான்.

அப்போதிருந்த பொறியாளர் வந்து பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். “இனி எக்காரணம் கொண்டும் சொந்த மூளையைப் பயன்படுத்தக் கூடாது. எழுதியதை எழுதியபடி செய்யவும்.”

அவர்களுக்கென்று ஓர் அதிகாரி எழுதிய முதல் கடிதம் அது. கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார்கள். அன்றிலிருந்து எந்த உத்தரவு வந்தாலும் பிச்சையா அதை மூன்று தரம் சத்தமாகப் படிப்பான். அதில் இருப்பதைச் செய்வார்கள். இல்லாததைச் செய்ய மாட்டார்கள்.

இனி ஆவுடையப்பனின் கவலைக்கு வருவோம். அவர் வீடு பள்ளத்தெருவின் கடைசியில் இருந்தது. தெருவுக்கு அந்தப் பேர் சும்மா வரவில்லை. ஊரில் எந்த மூலையில் மழை பெய்தாலும் தண்ணீர் அங்கேதான் வந்து சேரும். வடிகால் மேஸ்திரி வீட்டுக்குள்ளேயே வருஷா வருஷம் மழைத்தண்ணீர் நுழைவதைப் பார்த்து ஊரே சிரித்தது. ஊர் சிரிப்பதை அவர் தாங்கிக்கொண்டார். அவர் மனைவி செண்பகவல்லி சிரிக்காமல் இருப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

செண்பகவல்லி வீட்டில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். போன ஐப்பசியில் தண்ணீர் உள்ளே வந்து மெஷினின் மிதிகட்டை வரை ஏறியது. ஒரு கல்யாண வீட்டுக்குத் தைத்த பதினாலு ஜாக்கெட்டும் நனைந்து, சிவப்பு மஞ்சளில் இறங்கி, மஞ்சள் பச்சையில் இறங்கி, கடைசியில் பதினாலும் ஒரே நிறமாகிவிட்டன. அந்த நிறத்துக்கு இன்றுவரை யாராலும் பேர் சொல்ல முடியவில்லை.

இந்தப் புரட்டாசியில் அவள் ஆவுடையப்பனை வாசலில் நிறுத்தி, படியாகக் கிடந்த முக்கால் அடி உயரக் கருங்கல்லைக் காட்டிச் சொன்னாள்.

“இங்க பாருங்க. இந்த வருஷமும் தண்ணி இந்த வாசப்படியத் தாண்டி உள்ள வந்துச்சுன்னா, நான் தாண்டி வெளிய போயிருவேன். கல்லூத்துக்கு எந்த பஸ்ஸு போகும்னு எனக்குத் தெரியும்.”

கல்லூத்து அவள் அம்மா ஊர். அன்றிலிருந்து ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அவள் இல்லாவிட்டால் வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அவள்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அதை இந்த விதமாகத்தான் அவருக்குச் சொல்லத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் புதுப் பொறியாளராக ஞானசுந்தரி வந்தார். நல்ல மனுஷி. நாலு பேரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார்.

“வீட்டுக் கழிவுத் தண்ணிக்குத் தனிக் குழாய் இருக்கு. அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயிடும். இந்த மழைநீர் வடிகால் அப்படி இல்ல. இதுக்குள்ள எது விழுந்தாலும் யாரும் வடிகட்ட மாட்டாங்க. நேரே ஏரிக்குப் போயிடும். ஏரித் தண்ணியைத்தான் ஊரே குடிக்குது.”

நாலு பேரும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்கள்.

“அப்ப நாங்க இத்தனை வருஷமா குடிச்சது?” என்றான் சொள்ளமுத்து.

“அதேதான்.”

நாலு பேரும் கீழே வைத்த கிளாஸைப் பார்த்தார்கள். அப்புறம் டீ ஆறிவிடும் என்று எடுத்துக் குடித்தார்கள்.

ஞானசுந்தரிக்குச் சென்னையில் பத்து நாள் பயிற்சி இருந்தது. போகுமுன் நாலு உத்தரவு எழுதிக் கொடுத்தார். ஒன்று, மழைக்கு முன் வடிகாலுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்து வெளியே போடவும். இரண்டு, வடிகாலுக்குள் மழைத்தண்ணீரைத் தவிர வேறு எதையும் விடக் கூடாது. மூன்று, சோப்பு நுரை தெரிந்தால் அதன் பின்னாலேயே போய்ப் பார்க்கவும். நான்கு, முதல் மழை ரோட்டிலுள்ள எண்ணெய், அழுக்கு எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வரும். அது ஏரிக்குப் போகக் கூடாது. வடிகால் ஏரியில் சேரும் இடமான ஏரிவாயில் பலகையைப் போட்டுப் பக்கத்துக் குட்டைக்குத் திருப்பவும். இரண்டாம் மழைக்குப் பலகையை எடுத்துவிடவும்.

சந்தேகம் வந்தால் போன் பண்ணுங்கள் என்று நம்பரும் கொடுத்துவிட்டுப் போனார். அவர்களுக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. அவர்களுடைய கோளாறே அதுதான்.

முதல் உத்தரவை அன்றைக்கே ஆரம்பித்தார்கள். வடிகாலிலிருந்து பிளாஸ்டிக் பைகள், பாட்டில்கள், ஒரு தலையணை, ஒரு குக்கர் மூடி, சோடி இல்லாத செருப்பு பதினேழு வெளியே வந்தன. சகதியை வழித்து வடிகாலின் ஓரத்திலேயே குவித்தார்கள். வெளியே போடச் சொல்லியிருந்தது. எவ்வளவு தூரம் வெளியே என்று எழுதவில்லை. பஸ்ஸும் லாரியும் போகப் போக, குவித்த சகதி சரிந்து பாதி மறுபடி உள்ளே விழுந்தது. இரண்டு தடவை மறுபடி எடுத்து அதே இடத்தில் குவித்தார்கள். உத்தரவை மூன்று தரம் நிறைவேற்றிய திருப்தி அவர்களுக்கு.

சகதி தீர்ந்ததும் மாடக்கண்ணு கடப்பாரையால் வடிகாலின் சிமென்ட் தரையைப் பெயர்க்க ஆரம்பித்தான்.

“ஏல, என்னல செய்யுத?” என்றார் ஆவுடையப்பன்.

“எல்லாத்தையும் எடுக்கச் சொல்லியிருக்குல்லா அண்ணாச்சி. தரையும் உள்ளதான கெடக்கு?”

“அதை யோசிக்கணும்” என்று சொள்ளமுத்து வடிகால் கரையில் உட்கார்ந்தான். “தரை வடிகாலுக்குள்ள கெடக்கா, இல்ல வடிகால் தரைமேல கெடக்கா?”

பாதி நாள் போனது. கடைசியில் பிச்சையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“தரையை எடுத்தா வடிகால் இருக்காது. வடிகால் இல்லேன்னா ‘வடிகாலுக்குள்’னு மேடம் எழுதுனது பொய்யாப் போயிரும். அது அவியளுக்கு மரியாதை இல்ல.”

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மரியாதையால் தரை தப்பியது.

இரண்டாம் உத்தரவுக்குக் காவல் போட்டார்கள். ஊர் நடுவில் சேவியர் டீக்கடை. கிளாஸ் கழுவிய சோப்புத் தண்ணீரை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து சேவியர் வடிகாலில் ஊற்றப் போனார். நாலு பேரும் குறுக்கே நின்றார்கள்.

“மழைத்தண்ணி மட்டுந்தான் விடலாம் அண்ணாச்சி” என்றார் ஆவுடையப்பன்.

சேவியர் முப்பது வருஷமாக டீக்கடை நடத்துகிறவர். எந்த வழக்குக்கும் அவரிடம் பதில் உண்டு.

“இது மழைத்தண்ணிதாம்வே. போன வருஷம் பெஞ்சது. ஏரியில கெடந்து, பைப்புல ஏறி, என் கடைக்கு வந்திருக்கு. மழையில்லாம வேற எங்கயிருந்துவே தண்ணி வரும்?”

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தண்ணி மழைத்தண்ணி, சரி. சோப்பு மழையில வராதுல்லா?” என்றான் சொள்ளமுத்து.

“வராது” என்று சேவியர் ஒத்துக்கொண்டார்.

“அப்ப தண்ணிய ஊத்துங்க. சோப்ப மட்டும் எடுத்து வச்சுக்கிடுங்க.”

சேவியர் ஒரு கணம் கூடத் தயங்கவில்லை. வாளிக்குள் கையை விட்டுத் துழாவி, வெறும் கையை வெளியே எடுத்து, ஜாக்கிரதையாக மூடிக்கொண்டு கடைக்குள் போனார். திரும்பி வந்து வாளியை ஊற்றினார். பிச்சையா எழுதிக்கொண்டான்: “காலை 10.05. சோப்பு அகற்றப்பட்டது.”

அங்கே ஒரு தவளையும் இருந்தது. தவளை மழைத்தண்ணீர் இல்லை என்பதில் அபிப்பிராய பேதம் இல்லை. மாடக்கண்ணு அதைப் பிடித்து வெளியே விட்டான். அது உள்ளே குதித்தது. மறுபடி வெளியே விட்டான். சாயங்காலத்துக்குள் இருபத்தாறு தடவை ஆயிற்று. மறுநாளிலிருந்து தவளையை ஒரு வாளியில் போட்டுச் சொள்ளமுத்து கையிலேயே வைத்துக்கொண்டான்.

சேவியர் ஊற்றிய தண்ணீர் சும்மா இருக்குமா? வடிகால் நெடுக நுரை கிளம்பியது. உடனே மூன்றாம் உத்தரவு. நுரையின் பின்னாலேயே போனார்கள். கடைவீதி தாண்டிப் போனது, போனார்கள். பள்ளத்தெரு தாண்டிப் போனது, போனார்கள். ஏரிக்குள் இறங்கியது, இவர்களும் இறங்கினார்கள். முழங்கால் வரை, இடுப்பு வரை, கழுத்து வரை. அங்கே நுரை ஒவ்வொன்றாக உடைந்து காணாமல் போனது.

ஏரிக்கரையில் துணி காயவைத்திருந்தவர்கள் கேட்டார்கள், “என்ன தேடுதீய?”

“நுரை யாரு வீட்டுலயிருந்து வருதுன்னு பாக்கோம்” என்றார் ஆவுடையப்பன் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடி. “இந்தப் பக்கம் வீடே இல்ல.”

ஏழாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, மழை பிடித்தது. ஏரிவாயில் பலகையைப் போட்டார்கள். கடைவீதி எண்ணெயும் பஸ் ஸ்டாண்டு அழுக்குமாகக் கருகருவென்று வந்த தண்ணீர், ஏரிப் பக்கம் திரும்பாமல் ஒழுங்காகக் குட்டைக்குப் போனது. ஆவுடையப்பனுக்கு மனசு நிறைந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் குட்டையும் நிறைந்துவிட்டது. மழை நிற்கவில்லை. புதன்கிழமையும் நிற்கவில்லை. போக வழி இல்லாத தண்ணீர் வடிகாலில் பின்னோக்கி ஏறி, பள்ளத்தெருவைத் தேடி வந்தது.

“பலகையை எடுத்திருவமா?” என்றார் ஆவுடையப்பன் மெதுவாக.

“ரெண்டாம் மழைக்குத்தான் எடுக்கணும்னு இருக்கு” என்றான் பிச்சையா.

“ரெண்டு நாளாப் பெய்யுதேப்பா?”

“நின்னாத்தான அண்ணாச்சி முதல் மழை முடியும்?” என்றான் சொள்ளமுத்து. “முதப்பிள்ளை பொறக்காம ரெண்டாம் பிள்ளை எப்படிப் பொறக்கும்?”

மழை நிற்கிறதா என்று பார்க்க மாடக்கண்ணுவைக் கை நீட்டி நிற்கவைத்தார்கள். புதன்கிழமை மத்தியானம் அவன், “நின்னுட்டு! நின்னுட்டு!” என்று கத்தினான். மூன்று பேரும் விழுந்தடித்து ஓடினார்கள். அவன் சேவியர் கடைத் தகரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான்.

மூன்று மணிக்குத் தண்ணீர் ஆவுடையப்பன் வீட்டு வாசப்படியில் இரண்டு விரற்கடை பாக்கி வைத்து நின்றது. செண்பகவல்லி மேலத்தெருவுக்கு ஜாக்கெட் கொடுக்கப் போயிருந்தாள். ஆவுடையப்பன் படியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், அலுவலகத்தில் அந்தக் கண்ணாடிச் சட்டம் மாட்டியிருக்கிற திசையைப் பார்த்தார்.

“அவ போயிருவாடா. சொன்னாச் செய்வா.”

மூன்று பேருக்கும் கஷ்டமாக இருந்தது. சொள்ளமுத்து தவளை வாளியைக் கீழே வைத்தான்.

“மதினி என்ன சொன்னாவ? ஒரு சொல்லு விடாமச் சொல்லுங்க.”

சொன்னார். பிச்சையா எழுதி மூன்று தரம் படித்தான். சொள்ளமுத்து கண்ணை மூடி யோசித்தான்.

“அண்ணாச்சி, மதினி தண்ணிய ஒண்ணும் சொல்லல. வாசப்படியத் தாண்டுறதத்தான் சொல்லியிருக்காவ. வாசப்படி இங்க இருந்தாத்தான தண்ணி அதைத் தாண்டும்? எடுத்துட்டா?”

“எடுத்துட்டா?” என்றார் ஆவுடையப்பன்.

“தண்ணியும் தாண்ட முடியாது. மதினியும் தாண்ட முடியாது.”

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கியது. சொள்ளமுத்துவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மாடக்கண்ணு கடப்பாரையைப் போட்டு நெம்பிக் கருங்கல்லைத் தோளில் ஏற்றினான். தண்ணீர் எட்ட முடியாத இடம் மொட்டைமாடிதான் என்று நாலு பேரும் படிக்கட்டில் ஏறினார்கள். அதுவரை படிக்கு வெளியே நின்றிருந்த தண்ணீர், தடை இல்லாததால் வீட்டுக்குள் போனது. அதை அவர்கள் கவனிக்கவில்லை. கல் நனையாமல் இருக்கக் குடை பிடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

நாலு மணிக்குச் செண்பகவல்லி வந்தாள். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அண்ணாந்து பார்த்தாள். மாடியில் நாலு பேர், ஒரு குடை.

“மெஷின் எங்க?” என்றாள்.

“உள்ளதான் இருக்கு” என்றார் ஆவுடையப்பன்.

“வாசப்படி எங்க?”

“இங்க இருக்கு. பத்திரமா இருக்கு. நீ கவலைப்படாத.”

அப்புறம் செண்பகவல்லி பேசியதைப் பிச்சையா முழுசாக எழுதி வைத்திருக்கிறான். இங்கே அதைச் சொல்ல முடியாது. அவர்கள் பாட்டன் பூட்டன் வரை வந்தது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பேசி முடித்துவிட்டுத் தண்ணீர் ஏன் வடியவில்லை என்று கேட்டாள். சொன்னார்கள். நேரே ஏரிவாய்க்கு நடந்தாள். நாலு பேரும் பின்னால் போனார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பலகையின் கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவிக் கரையில் போட்டாள். தண்ணீர் திமுதிமுவென்று ஏரிக்குள் இறங்கியது.

“உத்தரவு மீறிப்போச்சே!” என்றான் பிச்சையா.

“மீறல” என்றான் சொள்ளமுத்து. “நம்ம மூளையைத்தான் பயன்படுத்தக் கூடாதுன்னு எழுதியிருக்கு. மதினி மூளையப் பத்தி ஒரு வரி இல்ல.”

எல்லோருக்கும் பெரிய நிம்மதி. ஆவுடையப்பனுக்கு மட்டும் இல்லை. அவர் நனைந்த மீசையோடு செண்பகவல்லியின் முன்னால் போய் நின்றார்.

“ஆனா ஒண்ணு செம்பகம். வாசப்படிய ஒரு சொட்டுத் தண்ணி தாண்டல.”

செண்பகவல்லி அவரைப் பார்த்தாள். இன்னொரு தடவை பாட்டன் பூட்டனை இழுக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து சிரித்தாள். இரண்டு வருஷம் கழித்து அவள் சிரித்ததைப் பார்த்து ஆவுடையப்பனும் சிரித்தார். பிச்சையா மணியைப் பார்த்து எழுதினான்: “மாலை 4.20. மதினி சிரித்தார்கள்.”

வீடு காய மூன்று நாள் ஆயிற்று. மெஷினை மாடியிலுள்ள தகரக் கொட்டகைக்கு ஏற்றினாள். வாசப்படியைக் கீழே இறக்கிப் பழைய இடத்தில் பதிக்கவைத்தாள். பிறகு கணவனை அதன்முன் நிறுத்தினாள்.

“இந்தத் தடவை போனாப் போகுது. இனிமே படி இருந்தாலும் சரி, இல்லேன்னாலும் சரி, இந்த வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு, நான் கல்லூத்துதான். இதுல ஓட்டை கண்டுபிடிக்கச் சொல்லாதீய உங்க ஆளுகள.”

சொள்ளமுத்து முயன்று பார்த்தான். ஓட்டை இல்லை.

ஞானசுந்தரி திரும்பி வந்து ஏரித் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார். அழுக்கெல்லாம் குட்டையோடு நின்றுவிட்டதால், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஏரி சுத்தமாக இருப்பதாக முடிவு வந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். “அப்படி என்னதான் செஞ்சீங்க?” என்று கேட்டார். பிச்சையா பதிவேட்டைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தான். சகதி எடுத்தது வரை கேட்டார். அதற்குள் அவருக்கு மீட்டிங்கிலிருந்து போன் வந்துவிட்டது. போகிற அவசரத்தில் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: “மிக நன்று. அடுத்த மழைக்கும் எதையும் விடாமல் இதேபோலச் செய்யவும்.”

பிச்சையா மூன்று தரம் படித்தான். மூன்றாம் தரம் படித்தபோது ஆவுடையப்பனின் முகம் வெளுத்தது.

அடுத்த மழை ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. பத்து நிமிஷம் தூறிவிட்டு நின்றுவிட்டது. தெரு முழுசாகக்கூட நனையவில்லை. பள்ளத்தெருவில் எல்லோரும் வெளியே வந்து அதிசயமாகப் பார்த்தார்கள். செண்பகவல்லி நிம்மதியாக வீட்டைப் பெருக்கிக் கோலம் போட்டு, மத்தியானம் ஜாக்கெட் கொடுக்க மேலத்தெருவுக்குப் போனாள்.

நாலு மணிக்குத் திரும்பி வந்தவள் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள்.

சொள்ளமுத்துவும் பிச்சையாவும் ஏரியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து வீட்டுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். “கணுக்கால் வந்தாச்சு. முழங்காலுக்கு இன்னும் நூத்துச் சொச்சம் வாளி வேணும் அண்ணாச்சி” என்றான் சொள்ளமுத்து. படிக்கட்டு குறுகல். அதில் தோளில் வாசப்படியோடு மாடக்கண்ணு மேலே ஏறிக்கொண்டிருந்தான். போன தடவை மெஷின் கீழே இருந்ததால், அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆவுடையப்பன் இறங்கிக்கொண்டிருந்தார். நடுப்படியில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் வழிவிடவில்லை. ஆவுடையப்பன் அழுதுகொண்டிருந்தார்.

“எழுதியிருக்கு செம்பகம்” என்றார் மெஷினுக்குக் கீழேயிருந்து. “எதையும் விடாமச் செய்யணும்னு எழுதியிருக்கு.”

செண்பகவல்லி ஒன்றும் சொல்லவில்லை. கணுக்கால் தண்ணீரில் உள்ளே போனாள், கொடியில் கிடந்த நாலு புடவையைப் பையில் திணித்தாள், வெளியே வந்தாள், பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

“மதினி திட்டல. விட்டுப்போச்சு” என்று பிச்சையா பதறினான்.

“அது பின்னால வரும். இப்ப மதினி முன்னால போனா நாம நாலு பேரும் பின்னால போகணும். அப்படித்தான எழுதியிருக்கு?” என்றான் சொள்ளமுத்து.

அப்படித்தான் எழுதியிருந்தது. ஆவுடையப்பன் மெஷினை நடுப்படியிலேயே வைத்துவிட்டு ஓடினார். வாழ்க்கையில் அவர் இவ்வளவு பயந்ததில்லை.

கல்லூத்து பஸ் கிளம்பத் தயாராக நின்றது. செண்பகவல்லி ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாளோ என்னவோ, தெரியவில்லை. பஸ் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் கண்டக்டர் சத்தம் போடுவது கேட்டது.

“யோவ், கல்லை இறக்கி வைய்யா! எதுக்கு பஸ்ஸுக்குள்ள தோள்ல வச்சுக்கிட்டு நிக்க?”

“நீங்க மேஸ்திரி இல்லையே” என்றது ஒரு குரல்.

செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். மாடக்கண்ணு தோளில் வாசப்படியோடு நின்றான். சொள்ளமுத்து மடியில் ஒரு வாளி. வாளிக்குள்ளிருந்து தவளை எட்டிப் பார்த்தது. ஆவுடையப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணிலும் நீர் வழிய, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வாயைத் திறந்தாள்.

பிச்சையா அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பதிவேட்டைப் பார்த்தான், மணியைப் பார்த்தான்.

“கொஞ்சம் பொறுங்க மதினி. நீங்க சிரிச்சது நாலு இருபதுக்கு. இப்ப நாலு பத்தொம்பதுதான் ஆகுது.”